கன்னிமாரா: ஒரு ஓட்டலின் வரலாற்றில் யாருக்கெல்லாம் இடம்?

எங்க பாலக்கோட்டில் ஒருத்தர் "ஓட்டலுக்குப் போயிட்டு வரேன்" என்றால் சாப்பிடப் போகிறார் என்று அர்த்தம். ராத்திரி தங்கப் போகிறவர் "லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கேன்" என்பார். பாலக்கோடு மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கு. ஓட்டல் என்ற சொல்லை வாங்கிக்கொண்டோம், அதிலிருந்து படுக்கையைக் கழற்றிவிட்டு இலையை மட்டும் வைத்துக்கொண்டோம். தங்குவதற்கு நம்மிடம் ஏற்கெனவே சத்திரமும் சாவடியும் இருந்தன.

தங்கும் அறை, விருந்துக்கூடம், மதுக்கூடம், நடன அரங்கு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து, நகரத்தின் அந்தஸ்துச் சின்னமாக நிற்கும் 'கிராண்ட் ஓட்டல்' 19-ம் நூற்றாண்டின் சரக்கு. நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தபின், 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின், இந்தியத் துறைமுக நகரங்களுக்கு வெள்ளைக்காரப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக எழும்பியவை இவை.

இந்தப் பெரிய ஓட்டல்களைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு அச்சு தெரிகிறது. முதலில் ஒரு பிறப்புக் கதை: அவமானம், காதல், கோபம், ஏதாவது ஒன்று. அடுத்து விருந்தினர் பட்டியல்: ராஜாக்கள், வைஸ்ராய்கள், நடிகைகள், எழுத்தாளர்கள். கடைசியில் பல கோடி ரூபாயில் புதுப்பித்த கதை. இந்த மூன்றும் சேர்ந்தால் 'பாரம்பரியம்' தயார். இந்த அச்சில் எது விழுகிறது, எது விழாமல் வெளியே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பம்பாய்க் கதவு

இந்தியாவிலேயே அதிகம் சொல்லப்பட்ட ஓட்டல் கதை பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுடையது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜாம்ஷெட்ஜி டாட்டா வாட்சன் ஓட்டலுக்குப் போனார், "வெள்ளையருக்கு மட்டும்" என்று வாசலில் தடுத்தார்கள், அந்த ரோஷத்தில் அதைவிடப் பெரிய ஓட்டலைக் கட்டினார் என்பது கதை. தாஜ் திறந்தது 1903 டிசம்பர் 16. ஐந்து மாதத்தில், 1904 மே 19 அன்று, ஜெர்மனியில் டாட்டா காலமானார்.

வாசலில் தடுத்த இந்தச் சம்பவத்துக்கு அந்தக் காலத்து உறுதியான சாட்சி இல்லை என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. டாட்டாவின் நண்பரும் பத்திரிகையாளருமான லோவட் ஃப்ரேசர் வேறு காரணம் சொல்கிறார்: ஓட்டல் முதலாளி ஆகும் ஆசை டாட்டாவுக்கு இல்லை, தன் நகரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து தங்க ஒரு தகுதியான இடம் வேண்டும் என்றுதான் நினைத்தார். 1896-ல் பிளேக் நோய் வந்து பம்பாயின் பெயர் கெட்டுக் கிடந்த காலம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்தக் காரணம் பொருந்துகிறது. ஆனால் ஊரில் நிற்பது ரோஷக் கதைதான். நகரத்தின் மேல் அக்கறை என்பது கதையாகாது. வாசலில் பட்ட அவமானம் கதையாகும்.

தாஜுக்கு இன்னொரு கதையும் உண்டு. கட்டடத்தைத் தப்பாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் உயிரை விட்டார் என்பார்கள். உண்மை என்னவென்றால், வடிவமைத்த சீதாராம் காண்டேராவ் வைத்யா கட்டி முடிப்பதற்கு முன்பே, 1900-ல் இறந்துவிட்டார், டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் முடித்துக் கொடுத்தார். முதல் வாசல் நகரத்துப் பக்கம் இருந்ததற்குக் காரணம், வண்டிகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். கடல் பக்கம் இன்று எல்லோரும் படம் எடுக்கும் கேட்வே ஆஃப் இந்தியா அப்போது கிடையாது. அது திறக்கப்பட்டது 1924-ல். ஒரு இந்தியக் கலைஞரின் திட்டமிட்ட வேலையை 'தவறு' ஆக்கிவிட்டு அவரைத் தற்கொலைக்கும் அனுப்பிவைக்கிறது இந்த வதந்தி. இதைச் சுவைக்காகத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, ரோஷக் கதைக்கே வருவோம். அது உண்மையா பொய்யா என்பதைவிட அது எதை மறைக்கிறது என்று கேட்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. வாட்சன் ஓட்டலுக்குள் இந்தியர்கள் நுழையவே முடியாது என்று கதை சொல்கிறது. உண்மையில் அந்த ஓட்டலில் இந்தியர்கள் நிறைந்திருந்தார்கள், வேலைக்காரர்களாக. மூடியிருந்தது முன்வாசல் மட்டும்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1896 ஜனவரியில் மார்க் ட்வெயின் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் தங்கினார். அடுத்த வருடம் வந்த பயண நூலில் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். அறையில் ஏதோ சரியில்லை என்று பார்க்க ஒரு ஜெர்மானியர் வருகிறார். என்ன குறை என்றுகூடச் சொல்லாமல் இந்திய வேலையாளின் தாடையில் ஓர் அறை விடுகிறார். குறை என்னவென்று அதற்குப் பிறகுதான் சொல்கிறார். அடி வாங்கியவர் எதுவும் பேசவில்லை. அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகள் நடுவே கழிந்த தன் சின்ன வயது ட்வெயினுக்கு அங்கேயே ஞாபகம் வந்துவிடுகிறது.

டாட்டாவை வாசலில் நிறுத்திய காட்சிக்கு நேர்ச்சாட்சி கிடையாது, அது பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. வேலைக்காரரை அடித்த காட்சியைக் கண்ணால் பார்த்தவர் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர், அதை எந்த ஓட்டல் வரலாறும் தூக்கிப் பிடிப்பதில்லை. ஏன்? முதல் கதையில் அவமானப்பட்டவர் பதிலுக்கு ஒரு மாளிகை கட்டினார். இரண்டாவது கதையில் அவமானப்பட்டவர் அடுத்த அறைக்குப் போய் வேலையைப் பார்த்தார்.

ஓட்டல் வாசலில் பட்டதை, பட்டவரே எழுதிவைத்த இடமும் உண்டு. 1893-ல் ஜொகானஸ்பர்க் கிராண்ட் நேஷனல் ஓட்டலில் காந்திக்கு அறை இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். பிரிட்டோரியாவில் ஜான்ஸ்டன் என்பவரின் ஓட்டலில் இடம் கிடைத்தது, ஆனால் சாப்பாட்டை அறையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிறகு ஜான்ஸ்டன் மற்ற விருந்தினர்களைக் கேட்டு, அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தெரிந்து, கூடத்துக்கே கூப்பிட்டார். 'சத்திய சோதனை'யில் இதெல்லாம் இருக்கிறது. இதில் வில்லனும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. ஒரு ஒதுக்குமுறை நிஜத்தில் எப்படி இயங்கும் என்பது மட்டும் இருக்கிறது: பெரும்பாலும் மரியாதையாகத்தான் இயங்கும்.

கன்னிமாரா: மூன்று பெயர்கள்

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் மவுண்ட் ரோட்டை ஒட்டி, பின்னி ரோட்டில் இருக்கிற கன்னிமாரா ஓட்டல். 1854-ல் டி. ரத்தினவேலு முதலியார் தொடங்கிய இம்பீரியல் ஓட்டலில் இருந்துதான் இதன் வரலாறு ஆரம்பிக்கிறது. 1886-ல் குத்தகை கைமாறி ஆல்பனி ஆனது. 1890-ல் கன்னிமாரா. 1891-ல் ஸ்பென்சர் கம்பெனியின் யூஜின் ஓக்‌ஷாட் வாங்கினார். 1930-களில் ஸ்பென்சர் நிர்வாகி ஜேம்ஸ் ஸ்டிவன் அதை நவீனமாக்கும் வேலையில் இறங்க, 1937-ல் ஆர்ட் டெகோ பாணியில் புது உருவத்தோடு திறந்தது. 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதை மறுபடி மாற்றியமைத்தார். 1984-ல் தாஜ் குழுமத்தின் கைக்குப் போனது.

இந்தத் தேதிகள் நமக்குக் கிடைத்திருப்பதே எஸ். முத்தையா போன்றவர்களின் உழைப்பால்தான். ஸ்பென்சர் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதியவர் அவர். அவரைப் போன்றவர்கள் தேடி எடுத்துக் கொடுத்திராவிட்டால் ரத்தினவேலு முதலியார் என்ற பெயரே காணாமல் போயிருக்கும். நான் குறை சொல்வது அந்த உழைப்பை அல்ல. அதிலிருந்து விளம்பரத் தாள்களும் யூடியூப் வீடியோக்களும் எதை எடுத்துக்கொள்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

அவை எடுத்துக்கொள்வது கவர்னர் கதை. ராபர்ட் பூர்க், கன்னிமாரா பிரபு, 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னர். அவர் மனைவி லேடி சூசன், டல்ஹௌசி பிரபுவின் மகள். கணவனோடு ஒத்துப்போகாமல் அரசு மாளிகையை விட்டு வெளியேறி இந்த ஓட்டலில் வந்து தங்கினார் என்பார்கள். 1890-ல் விவாகரத்து ஆனது. அதே வருடம் கவர்னர் பதவியிலிருந்தும் இறங்கினார். ஓட்டலுக்கு அவர் பெயர் வந்ததும் அதே வருடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு 36 வருடம் முன்பே, கம்பெனி ஆட்சி நடந்த காலத்திலேயே, சென்னையில் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கென்று ஒரு தமிழர் ஓட்டல் தொடங்கினார் என்ற செய்திக்கு அந்த வீடியோக்களில் ஒரு வரிதான் கிடைக்கிறது. முதல் எப்படிப் புரட்டினார்? சமையல்காரர்களை எங்கிருந்து கூட்டிவந்தார்? மாட்டுக்கறியும் ஒயினும் பரிமாறும் தொழிலைப் பற்றி அவர் சொந்த ஜாதிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? இந்தக் கேள்விகள் எனக்கு கவர்னர் வீட்டுச் சண்டையைவிடச் சுவையானவை.

கன்னிமாரா என்பது அயர்லாந்தில் ஒரு மேற்குக் கடலோரப் பகுதியின் பெயர். ஆனால் தமிழில் எழுதிப் பாருங்கள்! எங்க பக்கம் ஏரிக்கரையில் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் சாமி என்று கும்பிடுவார்கள். அந்தச் சாமி பெயர்தான் ஓட்டலுக்கும் நூலகத்துக்கும் என்று நினைத்தால் அதில் ஆச்சரியமில்லை. ஒரு கவர்னரின் பெயர் இப்படி நம்ம சாமி பெயர் மாதிரி ஒலித்து ஒட்டிக்கொண்டது. தொடங்கினவர் பெயர் ஒட்டவில்லை.

பாலக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிற பழைய பெரிய ஓட்டல் என்றால் பெங்களூர் வெஸ்ட் எண்ட். 1887-ல் பிரான்சன் என்ற பெண்மணி தங்கும் விடுதியாக ஆரம்பித்தார். 1912-ல் ஸ்பென்சர் வாங்கியது, 1984-ல் தாஜ். கன்னிமாரா போன அதே பாதை. தனி ஆட்கள் கை வைத்துத் தொடங்கியது, கம்பெனி வாங்கியது, குழுமம் எடுத்துக்கொண்டது. பிறப்புக் கதைகள் தனித்தனியாக மினுங்குகின்றன. சொத்து கைமாறிய வரலாறு ஒரே மாதிரி இருக்கிறது.

முதலாளி இந்தியர் என்றால் கதவு திறந்துவிடுமா?

தாஜ் கதையின் உள்ளே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: வெள்ளைக்காரன் கதவை மூடினான், இந்தியர் கட்டியதும் திறந்தது. யாருக்குத் திறந்தது என்று கேட்க வேண்டும்.

சென்னையிலேயே இந்தியர்கள் நடத்திய ஓட்டல்களைப் பார்ப்போம். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையற்கட்டில் வேலை செய்து முன்னுக்கு வந்தவர் கே. கிருஷ்ணராவ், அவருடைய உட்லண்ட்ஸ், 1930-களின் கடைசியில், ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவில் தொடங்கியது. ஒரு தொழிலாளியிலிருந்தே ஆரம்பிக்கும் அபூர்வமான ஓட்டல் வரலாறு அது. அதே காலத்தில் அதே நகரத்தில் 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் எத்தனையோ. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் அந்தப் பலகையை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் போராடியது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் பலகை இறங்கியது.

சுதந்திரம் வந்து பத்து வருடம் கழித்து இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். அரசியல் சாசனம் 1950-லேயே வந்துவிட்டது. அதன் 15-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொழுதுபோக்கு இடங்களுக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை எல்லாம் அடுத்த வரியில். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் 'ஓட்டல்' என்ற சொல் வந்து உட்கார வேண்டியிருந்தது என்றால், அந்த வாசலில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! டாட்டா மாதிரி ஒரு ஆள் இல்லை, கோடிக்கணக்கான ஆட்கள். அவர்கள் யாரும் பதிலுக்கு மாளிகை கட்டவில்லை, கட்டவும் முடியாது. சட்டத்தில் ஒரு வரியைக் கட்டினார்கள்.

அந்த வரியும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. டீக்கடை இரட்டைக் குவளை தமிழ்நாட்டில் பல வருடம் தொடர்ந்தது. 2024-ல்கூட எங்க தர்மபுரி மாவட்டத்தில், அரூர் வட்டாரத்தில், காட்டு வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்ததாக வழக்குப் பதிவானது. இது ஓட்டல் இல்லையே, கட்டுரைக்குச் சம்பந்தம் என்ன என்று கேட்கலாம். யார் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் பரிமாறுவது என்பதுதான் ஓட்டல் தொழிலின் அடிப்படைக் கேள்வி. அதைத் தொடாத ஓட்டல் வரலாறு மேசைவிரிப்பின் வரலாறாகத்தான் இருக்கும்.

பரிமாறியவர்கள்

'பட்லர் இங்கிலீஷ்' என்று கேலியாகச் சொல்வோம். துரை வீடுகளில் வேலை செய்தவர்கள் பேசிய உடைந்த ஆங்கிலத்துக்கு வந்த பெயர் அது. 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியே அதைச் சென்னை மாகாணத்துச் சரக்கு என்று குறித்து வைத்திருக்கிறது. எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காதவர்கள் காதால் கேட்டு, வேலைக்குப் போதுமான ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். அதை ஒரு சாதனை என்று சொல்லலாம். நாம் அதைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். அவர்கள் வரலாற்றில் விட்டுச்சென்ற தடம் அந்தக் கேலி மட்டும்தான்.

ஓட்டல் தொழிலாளர்கள் பெயரோடு வரலாற்றுக்குள் வந்த தருணம் 2008 நவம்பர் 26. தாஜ் மேல் நடந்த தாக்குதலில் விருந்தினர்களைக் காப்பாற்றியபடியே ஊழியர்கள் பலர் செத்துப்போனார்கள். மூன்று வருடம் கழித்து ஹார்வர்ட் நிர்வாகவியல் இதழில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை என்ற கேள்விக்கு அது அடுக்கும் காரணங்களில் ஒன்று: அந்த ஓட்டல் பெருநகரங்களைவிடச் சின்ன ஊர்களிலிருந்து ஆள் எடுக்க விரும்புகிறது, பெரியவர்களுக்கு மரியாதை, அடுத்தவருக்கு அனுசரணை என்ற பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறதாம்.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமையும் உறுத்தலும் சேர்ந்தே வந்தன. கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு எங்க பக்கத்திலிருந்து ஓசூர், பெங்களூர் ஓட்டல்களுக்கு வேலைக்குப் போகிற பையன்கள் நிறைய. அவர்களுடைய பணிவை நிறுவனம் ஒரு மூலப்பொருளாகப் பார்க்கிறது, எங்க தக்காளியைப் பார்ப்பது மாதிரி. அந்தப் பணிவு எங்கிருந்து வந்தது, அதில் பாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு, வேறு வேலை கிடைக்காதது எவ்வளவு என்று அந்தக் கட்டுரை கேட்கவில்லை. 1896-ல் அறை வாங்கியும் பேசாமல் நின்ற அந்த மனிதரின் பணிவும் யாரோ ஒருவருக்கு 'நல்ல சேவை'யாகத்தான் தெரிந்திருக்கும். வீரத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒரு தொழிலாளி பெயரோடு வரலாற்றில் வருவதற்குச் சாக வேண்டியிருக்கிறது என்றால் அந்த வரலாறு எழுதும் முறையில் கோளாறு இருக்கிறது.

ஒரு மறுப்பும் பதிலும்

"ஓட்டல் ஒரு வியாபாரம். அது தன் பழம்பெருமையைச் சொல்லி அறை விற்கிறது. அதனிடம் போய்த் தொழிலாளர் வரலாறு கேட்கலாமா?" என்பது நியாயமான மறுப்பு. கேட்க முடியாதுதான். ஆனால் ஓட்டலின் விளம்பரத் தாளையே நாம் ஊர் வரலாறாக எடுத்து எழுதுகிறோமே, அதுதான் என் புகார். பாரம்பரிய நடை கூட்டிப்போகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள், என்னைப் போல இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதே கதைகளை அதே வரிசையில் சொல்கிறோம்.

சான்று கிடைக்காது என்பதும் முழு உண்மையில்லை. குத்தகைப் பத்திரம், சம்பளப் புத்தகம், நீதிமன்ற வழக்கு, தொழிற்சங்க நோட்டீஸ், பழைய சாப்பாட்டுப் பட்டியல், பயணிகளின் நூல்கள் என்று தேட இடங்கள் உண்டு. ட்வெயின் காட்சி ரகசிய ஆவணத்தில் இல்லை; யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிற புத்தகத்தில் இருக்கிறது. கேள்வியை மாற்றினால் பழைய புத்தகத்திலேயே புதுச் சான்று கிடைக்கும். இனி ஒரு ஓட்டல் வரலாறு கையில் கிடைத்தால் நான் பார்க்கப் போவது நான்கு விஷயம்: யார் பணம் போட்டார்? யாரை உள்ளே விட்டார்கள், எந்த வருடத்திலிருந்து? வேலை செய்தவர்கள் எந்த ஊர், என்ன ஜாதி, என்ன சம்பளம்? சாப்பாடு யார் வீட்டுச் சாப்பாடு? துரைகளுக்காகத் தொடங்கிய அதே கன்னிமாராவில்தான் பிற்காலத்தில் ரெயின்ட்ரீ உணவகம் செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர் வாங்கியது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதற்கே ஒரு புத்தகம் எழுதலாம்.

கடைசியாக ஒன்று. கன்னிமாரா பெயரில் சென்னையில் இரண்டு கட்டடங்கள் உண்டு. இன்னொன்று எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கிற நூலகம். 1890 மார்ச் 22 அன்று அதே கவர்னர் அடிக்கல் நாட்டியது, 1896-ல் திறந்தது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தபின், 1950-ல் மாநில மைய நூலகம் ஆனது. அங்கே உள்ளே போக யாரும் உங்கள் செருப்பைப் பார்ப்பதில்லை. ஓட்டலின் வரலாற்றை ஒழுங்காக எழுத நினைக்கிறவர் அந்த நூலகத்திலிருந்தே தொடங்கலாம். பழைய கெஜட், பழைய பத்திரிகை, பழைய விளம்பரம் எல்லாம் தேடிப் பார்க்கலாம். ரத்தினவேலு முதலியாரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாராவது எடுத்துக் கொடுத்தால், நான் முதல் ஆளாகப் படிக்கக் காத்திருக்கிறேன்.